பாசமலர் நாட்குறிப்பு: தாலாட்டுக்குள் ஒரு சம்பந்தப் பேச்சு

மே 27, 2023, சனி

1961ஆம் ஆண்டு இதே நாளில்தான் ‘பாசமலர்’ வெளியானது. இன்று இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தோம். பீம்சிங், சிவாஜி கணேசன், கண்ணதாசன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஆகியோர் கூடி ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று அந்த ஒரே ஆண்டில் மூன்று படங்களைத் தந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மூன்றிலும் பாட்டுகள் நெஞ்சில் நிற்பவைதான். ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் கதையே நொண்டும் என்று சொல்லத்தக்கது ‘பாசமலர்’ ஒன்றுதான் என்பது என் எண்ணம். ஆரூர்தாஸின் வசனம் கொதிக்க வேண்டிய இடத்தில் கொதிக்கிறது. வாய்விட்டுப் பேசி மாளாததைப் பாட்டு ஏற்றுக்கொள்கிறது.

மே 28, ஞாயிறு

காலையில் ‘எங்களுக்கும் காலம் வரும்’ பாட்டை மட்டும் தனியே கேட்டேன். தங்கை பொம்மை செய்து சேர்த்த ஆயிரம் ரூபாயை முதலாக வைத்து அண்ணன் தொழில் தொடங்கி உயர்கிற கதை இது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் காதல் பாட்டு என்று பழகிப்போன காதுக்கு, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் இங்கே உடன்பிறந்தவர்களாகப் பாடுவது புதிதாக இருக்கிறது. அதே சுசீலாவின் குரல் ‘யார் யார் யார்’ பாட்டில் பி.பி.ஸ்ரீநிவாஸுடன் சேரும்போது முழுக்கக் காதலியின் குரலாகிவிடுகிறது. சாவித்திரி ஏற்ற ராதா என்ற பெண்ணை அண்ணன் ஒருபுறமும் கணவன் ஒருபுறமுமாகப் பின்னால் இழுக்கப்போகிறார்கள் என்பதை அந்த இரண்டு ஆண்குரல்களே நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன.

ஜூன் 1, வியாழன்

உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போயிருந்தேன். பெண்ணை அழைத்து வாருங்கள் என்று ஐயர் குரல் கொடுத்ததும், நாதஸ்வரக்காரர் யாரும் கேட்காமலே ‘வாராய் என் தோழி’யை எடுத்தார். குத்துவிளக்கு ஏந்திய சிறுமி முன்னே நடக்க, முழங்கையைத் தோழி பற்றியிருக்க, தலைகுனிந்து வந்த மணமகளுக்குப் படத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்குமோ என்னவோ. எல்.ஆர்.ஈஸ்வரிக்குப் பெரும்புகழைத் தேடித்தந்த பாட்டு இது. கூடப் பாடும் பெண்களின் குரல்கள்தான் இதற்குக் கல்யாண வீட்டுக் களையைத் தருகின்றன. தனிக்குரலில் மட்டும் பாடியிருந்தால் இது மண்டபங்களுக்கு வந்திருக்காது என்றே தோன்றுகிறது. படத்திலோ இந்தத் திருமணத்திலிருந்துதான் பிரிவு தொடங்குகிறது. கணவன் வீட்டு அத்தை அந்தக் குடும்பத்திற்குள் நுழைவதும், வீடு இரண்டுபடுவதும் இதன் பிறகுதான். அதை அறிந்து கேட்பவர்களுக்கு இந்தக் குதூகலம் நெஞ்சை அடைக்கும்.

ஜூன் 3, சனி

இன்று ‘மலர்ந்தும் மலராத’. இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் குறிப்புகளையே தொடங்கினேன்.

அண்ணன் ஓரிடத்திலும் தங்கை வேறோர் இடத்திலுமாக, ஒருவரையொருவர் பார்க்காமல், தத்தம் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். மெட்டு ஒன்றுதான், அவர் விட்ட இடத்தில் இவர் எடுக்கிறார். வாத்தியங்கள் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. தொட்டில் ஆடும் வேகத்திற்கு மேல் தாளமும் போவதில்லை. முதல் அடிகளில் பொதிகையும் மதுரையும் தமிழும் வந்து போகும்; அந்த அழகில் மயங்கி, அதற்குப் பின் கவிஞர் செய்வதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். படை நடத்தி ஆளப் பிறந்தவன் என்று மகனைப் புகழ்ந்துவரும் அண்ணன், அதே மூச்சில் அத்தை மகளை மணந்து வாழப் பிறந்தவன் என்றும் சொல்லிவிடுகிறார். அந்த அத்தை யார்? முகம் பார்க்க முடியாமல் பிரிந்திருக்கும் அதே தங்கைதான். அடுத்த தலைமுறையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து அறுந்ததை முடிந்துகொள்ளலாம் என்ற ஆசையைத் தூதுவர் யாரிடமும் சொல்ல முடியாத மனிதர், பேச்சு வராத பிள்ளையிடம் சொல்கிறார். நம் குடும்பங்களில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற வழக்கம் பல சண்டைகளைத் தீர்த்தும் இருக்கிறது, மூட்டியும் இருக்கிறது. அதன் முழுக் கனத்தையும் கண்ணதாசன் ஒரு தாலாட்டின் ஓரடியில் வைத்துவிட்டார். கடைசிச் சரணத்தில் மண்ணும் கடலும் வானும் மறைந்தாலும் இந்த உறவு பிரியாது என்று வரும்போது, குழந்தைக்குப் பாடுவது என்ற பாவனையே போய்விடுகிறது. சௌந்தரராஜன் அந்த இடத்தில் குரலை உயர்த்தினாலும் அழவில்லை. அழுகையைக் கேட்பவர்களிடம் விட்டுவிடுகிறார்.

ஜூன் 4, ஞாயிறு

பார்வையிழந்து வந்த அண்ணன் ‘கை வீசம்மா கை வீசு’ என்று சொல்லும் கடைசிக் காட்சியைப் பலரும் மிகை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படமெங்கும் இசையில் தோய்ந்துவந்தவர்களுக்குக் கடைசியில் எஞ்சியிருப்பது எந்தக் கவிஞரும் எழுதாத, எல்லா வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள்தான்.

1962இல் இக்கதை தெலுங்கில் ‘ரக்த சம்பந்தம்’ என்றும் இந்தியில் ‘ராக்கி’ என்றும் படமாயிற்று. தெலுங்கிலும் சாவித்திரியே தங்கை. அத்தை மகள் முறை ஆந்திரத்திலும் உண்டு. வட இந்திய இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் கிடையாது. அப்படியிருக்க அந்தத் தாலாட்டின் இடத்தில் இந்திப் படத்து அண்ணன் தன் பிள்ளையிடம் எதைச் சொல்லி ஆறுதல் தேடுகிறான் என்று அறிய ஆவலாக இருக்கிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்கிறேன்.