ஒரே முதிரையில் ஒரு பாதை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறி, இராவணன் வெட்டைப் பார்த்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் அப்படித்தான் சுற்றினேன். ஆனால் எழுத விரும்புவது, நகரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டிலில் உளியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றி மட்டும்.

மரக்காலையில் கூலிக்கு மரம் அரிந்தவர். கழிவுத் துண்டுகளில் கை தானாகப் பழகியது. குரு என்று எவரும் இல்லை. கோயில் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாலம் என்று கொண்டு உடம்பை அளப்பார்கள். இவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மரத்தைத் தெரியும். வேம்பும் பூவரசும் சொன்னபடி கேட்குமாம். முதிரை மரத்தின் நார் பின்னி ஓடுவதால் உளி ஒரு பக்கம் போக, மரம் வேறு பக்கம் பெயரும். அந்தப் பொன்மஞ்சள் நிறத்துக்காக எவ்வளவு தொல்லையையும் பொறுக்கலாம் என்கிறார்.

நிலாவெளிக்கு வரும் பயணிகள் வாங்கும் யானைகளால் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் மனம் இருப்பது சாக்கால் மூடிவைத்திருந்த இன்னொன்றில்.

அது ஒரு பாதை. ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் படகை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களை அக்கரை சேர்த்ததைப் போன்றது. தயிர்ச்சட்டியோடு ஒரு தாய், சைக்கிளைப் பிடித்தபடி தொப்பி அணிந்த மீன் வியாபாரி, திருநீறு பூசிய கிழவர், ஓர் ஆட்டுக்குட்டி. எல்லோரும் கட்டைகுட்டையாக, நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவர் தோள் முடிந்து அடுத்தவர் தோள் தொடங்கும் இடம் தெரியவில்லை. எங்கும் ஒட்டு இல்லை.

"தனித்தனியாகச் செய்து பொருத்தியிருக்கலாமே, ஐயா?"

"ஏறிவிட்டால் எல்லோரும் ஒரே பாரம்தானே, தம்பி."

ஒரு மூலை மட்டும் உளி படாமல் பட்டையோடு இருந்தது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே பாலவேலை முடிந்திருக்கவில்லை. அந்த மூலை அவர்களுக்கு.

"நான் அந்தப் பிள்ளைகளைக் கண்டதில்லை. காணாத முகத்தைச் செதுக்கினால் பொம்மையாகிவிடும். இடத்தை விட்டுவைத்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அளவு கற்ற கைகள் அந்த மூலையையும் நிரப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். இது கொட்டிலில் கிடக்கக்கூடாது, கிண்ணியாப் பாலத்தடியில் போகிறவரும் வருகிறவரும் பார்க்க நிற்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன்.

"வைக்கலாம். அதற்கு முன் பட்டைக்குள் பூச்சி இறங்காமல் பார்க்க வேண்டும்" என்றபடி வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.