பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர்களுக்கு

கடைசியாகப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, செய்தது எப்போது என்றே நினைவில்லாதவர்கள் ஏராளம். பூசைக்குத் தவறாமல் வருவார்கள். நன்மை (திவ்விய அப்பம்) வாங்கும் நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கடவுள் மன்னிப்பார் என்று நம்பாதவர்கள் இல்லை இவர்கள். இத்தனை வருஷத்தை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்ற மலைப்புதான்.

கிறிஸ்துமஸுக்கோ ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துக்கோ முந்தைய நீண்ட வரிசையில் போய் நிற்காதீர்கள். பின்னால் ஆள் காத்திருந்தால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். சாதாரண நாளில் ஃபாதரிடம், "பல வருஷம் ஆச்சு, கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று கேளுங்கள். பங்குச் சாமியிடம் கூச்சம் என்றால் வேறு பங்குக்குப் போகலாம். திருச்சபைச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. ரகசியத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு அப்போதே தானாகத் திருச்சபை விலக்குக்கு உள்ளாவார்.

ஆன்ம சோதனைக்கு, அதாவது செய்த பாவங்களை நினைத்துப் பார்க்க, பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தெரியவில்லையா? "நாலைந்து வருஷம், மாதம் ஒன்றிரண்டு தடவை" என்றால் போதும். அழுகை வரவில்லையே என்று தவிக்க வேண்டாம். தண்டனைக்குப் பயந்து வரும் மனஸ்தாபமும் (பாவத்துக்காக வருந்துவதும்), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினையும் இருந்தால் மன்னிப்பு உண்டு.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கணவர் குற்றத்தையும் மாமியார் குற்றத்தையும் சொல்லிவிட்டு எழுந்து வருவது. "எல்லாப் பாவமும் செஞ்சிருக்கேன் சாமி" என்று பொதுவாக முடித்துவிடுவது. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே மறைப்பது. அப்படிச் செய்தால் மொத்தப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. வாய் வரவில்லை என்றால், "ஒன்று சொல்ல முடியவில்லை, நீங்களே கேளுங்கள் ஃபாதர்" என்று சொல்லுங்கள். கேட்டு எடுத்துவிடுவார்.

கருக்கலைப்பு செய்த பெண்கள் பலர் இந்த ஒன்றுக்காகவே ஒதுங்கி நிற்கிறார்கள். இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிந்த 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகத் தந்தார். ஆயரிடம் போக வேண்டுமோ என்று இனி யாரும் தயங்க வேண்டியதில்லை. தயவுசெய்து போங்கள்.

கோயிலில் திருமணம் நடக்காதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதைச் சீர்படுத்த ஃபாதர் வழி காட்டுவார். திருடியதையும் ஏமாற்றி வாங்கியதையும் முடிந்தவரை திருப்பிக் கொடுக்க வேண்டும். நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னான்.

போகுமுன் லூக்கா 15ஐ வாசியுங்கள். வீடு திரும்பும் ஊதாரி மகன் தகப்பனிடம் பேச வேண்டியதை 18, 19ஆம் வசனங்களில் ஒத்திகை பார்க்கிறான். கடைசி வரி, கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்பது. 21ஆம் வசனத்தில் அந்த வரியைக் காணோம். அதற்குள் தகப்பன் ஊழியர்களைக் கூப்பிட்டு அங்கி கொண்டுவரச் சொல்கிறார். நீங்கள் தடுமாறி நிறுத்தும் இடத்திலும் அவர் அப்படித்தான் செய்வார்.

ஃபாதர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது பாவப் பரிகாரமாகச் செய்யச் சொல்லும் ஜெபம் போன்றவற்றை, அன்றைக்கே முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். வீட்டுக்கு வந்தபின் விட்டுப்போன பாவம் ஒன்று ஞாபகம் வந்தால் பதறாதீர்கள். அதுவும் மன்னிக்கப்பட்டாயிற்று; தயங்காமல் நன்மை வாங்கலாம். அடுத்த முறை அதை மட்டும் சொன்னால் போதும், பழைய பட்டியலை மறுபடி விரிக்க வேண்டாம்.