இல்லை ஆச்சி

"இல்லை ஆச்சி" என்றுதான் சொன்னேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பையனுக்குப் புற்று என்று சொன்ன பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டை வாங்க வந்த தகப்பனார் கடைசி வரியில் விரல் வைத்து, "இந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்றால் என்ன சார்?" என்றார். டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்புவதுதான் லேபில் எங்களுக்கு முறை. என் வாய் நிற்கவில்லை. சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வைரஸின் உறவுக்காரன்; 1964-இல் உகாண்டாவிலிருந்து வந்த கட்டித் திசுவில் கண்டுபிடித்தார்கள்; எச்சில் வழியாகப் பரவும் என்று அடுக்கினேன். கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி, வேறென்ன.

பின்னால் நின்ற ஆச்சி 'எச்சில்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். முக்கூடல் பக்கம், பீடி இலை நறுக்கிக் காய்த்த விரல்கள். "பல் முளைக்காத பிள்ளைக்கு நான்தானே ஐயா மென்று ஊட்டினேன். அதனாலேயா..."

இல்லை ஆச்சி.

பொய்யா அது? பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் சுமக்கும் வைரஸ். எனக்கும் இருக்கும். ஆச்சி ஊட்டாமல் இருந்திருந்தாலும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலில் வந்து சேர்ந்திருக்கும். வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது புற்றில் முடிகிறது. ஆகவே நான் சொன்னது சரி.

ஆனால் ஆச்சி கேட்டது இந்தக் கணக்கை அல்ல. எந்த எச்சில் என்று எவராலும் சொல்ல முடியாது; அவருடையது இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் அதைத்தான் சொன்னேன்.

கழுத்தில் கட்டிய நெறியிலிருந்து எடுத்த அந்தச் சதையை நானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒரே உயிரணுவில் இரண்டு உட்கருக்கள், ஆந்தை விழிப்பதுபோல. அதைச் சுற்றி, சாயம் ஏறிய வைரஸ் புரதம் பழுப்பாக. வெள்ளணு சாகாமல் பெருக வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு சைகை வர வேண்டும். இந்தப் புரதம் யாரும் சொல்லாமலே அந்தச் சைகையை ஓயாமல் தந்துகொண்டிருக்கும். சிக்கிக்கொண்ட மடைப்பலகை மாதிரி, வயல் நிறைந்த பிறகும் தண்ணீர் பாய்கிறது. அப்படிப்பட்ட அணுக்களை உடம்பின் காவல் பெரும்பாலும் தீர்த்துக்கட்டிவிடும். இந்தப் பிள்ளையின் உடம்பில் ஏன் தவறவிட்டது? அந்த ரிப்போர்ட்டில் அதற்கு வரி இல்லை. ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்று, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிடும். அன்று நான் அதையாவது சொல்லியிருக்கலாம்.

சில வாரம் கழித்து வார்டு வராந்தாவில் பார்த்தேன். மருமகள் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். "ஆச்சிதான் ஊட்ட வேண்டும்" என்று பையன் அடம்பிடித்தான். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். என் 'இல்லை'யை அவர் நம்பவே இல்லை.

"உங்கள் எச்சிலாகவே இருக்கலாம் ஆச்சி, ஆனாலும் உங்களால் வந்ததில்லை." மாடிப்படியில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முதல் பாதியைச் சொன்ன பிறகு இரண்டாவது பாதி அவர் காதில் விழும் என்று எனக்கே தோன்றவில்லை. இறங்கிப்போய் ஜங்ஷன் பஸ்ஸைப் பிடித்தேன்.