கதவின் அளவும் அதன் இருப்பிடமும்: ஒரு பிளெண்டர் செருகுநிரலின் நாட்குறிப்பு

2024 ஜூலை 1, திங்கள்

பிளெண்டர் என்பது முப்பரிமாண வடிவங்களை வரையும் கணினி மென்பொருள். அதில் கூடுதல் வசதியாகச் சேரும் செருகுநிரல் ஒன்றைத் தச்சுப்பட்டறை ஒன்றுக்காக எழுதிவருகிறேன். அது நிலையோடு கூடிய கதவை ஒரே சொடுக்கில் வரைந்து தருகிறது. ஆனால் வரைந்த பின் அதன் உயரம், அகலம், பலகையின் தடிமன் ஆகியவற்றைப் பக்கப் பலகத்தில் வெறும் எழுத்தாகவே காட்டிவந்தது. சென்ற வாரம் அதைப் பார்த்த பட்டறை மேஸ்திரி, "தம்பி, அளவு கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டலையே" என்றார். அவர் கேட்டது நியாயம் என்பதால் இன்று முதல் அதையே வேலையாக எடுத்துக்கொண்டேன்.

பலகத்தில் 'லேபிள்' என்று அழைத்தால் எழுத்து மட்டும் தோன்றும். 'பிராப்' என்று அழைத்து, பண்பு (உயரம், அகலம் போல ஒரு மதிப்பை வைத்திருப்பது) எதற்கு உரியது என்பதையும் பண்பின் பெயரையும் கொடுத்தால், அது எண்ணா தெரிவுப்பட்டியலா என்பதை பிளெண்டரே அறிந்து, திருத்தக்கூடிய பெட்டியை வரைந்துவிடும். அதற்கு முன் எல்லாப் பண்புகளையும் பண்புத்தொகுப்பு என்னும் ஒரே தொகுதியாக நிரலில் அறிவிக்க வேண்டும், 2.80 பதிப்பு முதல் அந்த அறிவிப்பில் சமக்குறிக்குப் பதிலாக முக்காற்புள்ளி இட வேண்டும்.

பலகத்தை வரையும் செயற்கூறுக்குள்ளேயே (அந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதி) வெற்று மதிப்புகளை நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்த இடத்தில் தரவில் எழுதுவதற்கு அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தியோடு பலகம் பாதியில் நின்றது. திரை புதுப்பிக்கப்படும் போதெல்லாம் ஓடுகின்ற அந்தச் செயற்கூறு மாதிரியை மாற்றவும் செய்தால், பார்ப்பதே திருத்துவதாகிவிடும். இந்தத் தடையை நான் மனமார ஏற்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

பட்டறையில் அடி, அங்குலக் கணக்குதான். பிளெண்டரோ நீளத்தை உள்ளே மீட்டரில் வைத்திருக்கிறது. பண்பை அறிவிக்கும்போது அது நீளம் என்று அலகைக் குறித்துவிட்டால், காட்சியின் அலகு அமைப்புக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் பொறுப்பை அதுவே ஏற்றுக்கொள்கிறது. 7 அடி என்று தெரிவது உள்ளே 2.1336 மீட்டராக இருக்கிறது. அங்குலக் குறியோடு 84 என்று தட்டினாலும் சரியாகவே எடுத்துக்கொள்கிறது. இதற்காக நான் முன்பு எழுதியிருந்த அலகு மாற்றும் வரிகள் அத்தனையையும் நீக்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

பெட்டியில் மதிப்பு மாறியதும் கதவு மீண்டும் வரையப்பட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பண்போடும், மதிப்பு மாறும்போது தானாக ஓடும் 'அப்டேட்' என்னும் மறுஅழைப்பை இணைத்திருந்தேன். கையால் மாற்றியபோது பிழையில்லாமல் நடந்தது. 14 கதவுகளின் உயரத்தையும் சிறு நிரல் ஒன்றால் ஒருசேர மாற்றியபோதோ, ஒரே ஒரு கதவு மட்டும் 14 முறை வரையப்பட்டு, மற்றவை பழைய உயரத்திலேயே நின்றன. மறுஅழைப்புக்குள் நான் பிளெண்டரின் அப்போதைய சூழலைக் கேட்டு, திரையில் தேர்வாகி முனைப்பில் இருக்கும் பொருளை எடுத்திருந்ததே காரணம். மாறிய பண்பு யாருக்கு உரியது என்பதை அந்தப் பண்புத்தொகுப்பிடமே, அதன் உரிமையாளரைச் சுட்டும் 'ஐடி டேட்டா' வழியாகக் கேட்க வேண்டும். ஒரு வரியைத் திருத்தியதும் 14 கதவுகளும் சேர்ந்து உயர்ந்தன.

ஜூலை 9, செவ்வாய்

கடந்த நான்கு நாட்களாக என்னை வாட்டிய சிக்கலை விரிவாகவே எழுதிவைக்கிறேன். பிளெண்டரில் ஒரு பொருளை ஷிஃப்ட்-டி அழுத்தி நகலெடுத்தால், வழக்கமான அமைப்பில் அதன் வலைவடிவமும் (முனைகளும் பரப்புகளும் சேர்ந்த உருவத் தரவு) தனியாக நகலாகும். ஆல்ட்-டி அழுத்தினால் புதிய பொருள் பழையதன் வலைவடிவத்தையே பகிர்ந்துகொள்ளும். மேஸ்திரியின் மகன் ஒரே அளவுள்ள ஆறு கதவுகளை இரண்டாம் முறையில் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றின் அகலத்தை 3 அடியிலிருந்து இரண்டரை அடியாக்கியதும், வடிவம் பொதுவானது என்பதால் ஆறும் குறுகின. ஆனால் மற்ற ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் பலகம் இன்னும் 3 அடி என்றே சொன்னது, ஏனென்றால் பண்புகளை நான் பொருளோடு இணைத்திருந்தேன். மரத்தை எந்த அளவில் வெட்டுவது என்று சொல்லும் வெட்டுப்பட்டியலும் பலகத்தின் மதிப்புகளிலிருந்தே உருவாவதால், ஐந்து கதவுகளுக்கு அகலமான மரம் வெட்டப்பட்டிருக்கும். நல்ல தேக்கு அப்படி வீணாவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உடன்பிறந்த பொருள்களைத் தேடிப்பிடித்து மதிப்பைப் பரப்பலாம் என்று முதலில் முயன்றேன். எழுத எழுத அது ஒட்டுப்போடுவதாகவே பட்டது. உயரமும் அகலமும் தடிமனும் வடிவத்தைத் தீர்மானிப்பவை. எனவே அவை வலைவடிவத்தோடுதான் இருக்க வேண்டும். எந்த அறையின் வாசல், வலப்பக்கம் திறப்பதா இடப்பக்கமா, பூட்டு வேண்டுமா என்பன அந்தந்தக் கதவின் இடத்தைப் பொறுத்தவை. திறக்கும் பக்கத்தை நான் வடிவில் காட்டுவதில்லை. பட்டியலில் மட்டுமே எழுதுகிறேன். ஆகவே இவை பொருளோடு இருக்கலாம். பண்புத்தொகுப்பை இரண்டாகப் பிரித்து, பலகத்தில் மேலே வடிவத்துக்கு உரியவையும் கீழே இடத்துக்கு உரியவையும் தோன்றச் செய்தேன். இப்போது ஆறில் எதைத் தொட்டாலும் ஒரே அகலம்தான் தெரிகிறது. வடிவத்தைப் பகிரும் கதவுகள் எத்தனை என்பதையும் அகலப் பெட்டிக்கு மேல் ஒரு வரியாகக் காட்டுகிறேன். தான் திருத்துவது எத்தனை கதவுகளைத் தொடும் என்பது திருத்துகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

மரவகைப் பட்டியலில் தேக்கு, வேங்கை, வேம்பு என்று மூன்று இருந்தன; பட்டறையில் கேட்டார்கள் என்று பலாவை இரண்டாவதாகச் சேர்த்தேன். 11ஆம் தேதி சேமித்த கோப்பைத் திறந்தபோது, வேம்பாக இருந்த கதவுகள் வேங்கையாகவும், வேங்கையாக இருந்தவை பலாவாகவும் மாறியிருந்தன. தெரிவு கோப்பில் பெயராக அல்லாமல் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. எண் எதையும் நாம் தராவிட்டால் பட்டியலின் வரிசையே எண்ணாகிவிடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு குறையும் இன்று தெரிந்தது. யாரும் தொடாத பண்பின் மதிப்பு கோப்பில் எழுதப்படுவதே இல்லை. உயரத்தின் இயல்பு மதிப்பை 7 அடியிலிருந்து 6 அடி 9 அங்குலமாக நான் குறைத்ததும், பழைய கோப்பின் கதவு 7 அடியாகவே நிற்க, பலகம் மட்டும் புதிய அளவைச் சொன்னது. இயல்பு மதிப்பைப் பழையபடி 7 அடிக்கே கொண்டுபோனேன். இனிமேல் ஒரு கதவு உருவாகும் அந்தக் கணத்திலேயே அதன் எல்லா மதிப்புகளும் வெளிப்படையாக எழுதப்படும்.

மரங்களுக்கு நானே எண் கொடுத்தேன்: தேக்கு 0, வேங்கை 1, வேம்பு 2, பலா 3. பலகத்தில் பலா இரண்டாவதாகவே தோன்றுகிறது, எண் மட்டும் 3. அதே கோப்பை மறுபடி திறந்தேன். வேம்பு வேம்பாகவே இருந்தது. வெட்டுப்பட்டியலை அச்சிட்டு, நாளை காலை பட்டறைக்கு எடுத்துச் செல்லும் பையில் வைத்திருக்கிறேன்.