ஷீட் கூரை வேலையும் கணக்கு நோட்டும்

பதினோரு வருடமாக மொட்டை மாடிகளுக்கு மெட்டல் ஷீட் கூரை போட்டுக் கொடுக்கிறேன். முதல் நான்கு வருடம் கையில் பணம் புரண்டுகொண்டே இருந்தது, ஆனால் வருடக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. காரணம் அட்வான்ஸ். புது வீட்டுக்காரர் கொடுக்கும் அட்வான்ஸை எடுத்துப் பழைய வேலையின் ஷீட் கடைப் பாக்கியை அடைத்துக்கொண்டிருந்தேன். அது வருமானமே இல்லை, இன்னும் செய்யாத வேலைக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் தனிப் பக்கம். ஷீட், சி சேனல், ஸ்க்ரூ, வெல்டிங் ராடு, வண்டி வாடகை, சனிக்கிழமைக் கூலி, டீச் செலவு வரைக்கும் அன்றன்றைக்கே அதில் ஏறிவிடும். அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது: நான் காசு வாங்குவது கூரையின் சதுர அடிக்கு, ஆனால் ஒரு ஷீட்டின் ஓரம் பக்கத்து ஷீட்டின் மேல் ஏறி உட்காருவதால் கடையில் வாங்கும் ஷீட் எப்போதும் அதைவிட அதிகம், அந்த வித்தியாசம் முழுக்க இத்தனை நாளும் என் பையிலிருந்து போயிருக்கிறது. இப்போது கொட்டேஷனிலேயே அதைச் சேர்த்துவிடுகிறேன்.

அப்புறம் வரி. பில்லில் வாங்கும் 18 சதவீத ஜிஎஸ்டி நம் பணம் இல்லை, வந்த அன்றே தனியாக ஒதுக்குங்கள். தனி ஆளாகத் தொழில் செய்தால், கம்பெனி வேலைகளில் 1 சதவீதம் டிடிஎஸ் (நம் பேரில் அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், அது நம் பேன் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு இடத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்டிருந்தார்கள். பில் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருந்ததால்தான் பேசிக் கட்டவைக்க முடிந்தது.