லினக்ஸ் மின்ட் அரை மணி நேரம், வைஃபை நான்கு நாள்

போன வாரம் இதே நேரத்தில் இந்த லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதில்தான் இதை எழுதுகிறேன்.

சோமனூர் பக்கம் எங்களுக்கு 12 தறி. கூலிக்கு நெய்கிறோம். பாவு (தறியில் ஏற்றும் நூல்) வந்த கணக்கு, துணி போன கணக்கு, மீட்டர் கூலி பில் எல்லாம் நான்தான் பார்க்கிறேன், 2016இல் வாங்கிய ஒரே லேப்டாப்பில். இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன். ரேம் 4 ஜிபிதான் என்பதால் அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன். நிறுவியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம் பார்த்தால் வைஃபையே இல்லை. சுற்றியுள்ள இணைப்புகளின் பட்டியல்கூட வரவில்லை.

சில வைஃபை சிப்புகளுக்கு டிரைவரை (அவற்றை இயக்கும் மென்பொருளை) தனியாகப் போட வேண்டும். மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். இணையம் இல்லை, நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவைச் செருகு என்று அதுவே சொன்னது. செருகினேன், டிரைவர் ஏறியது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் முழுத் திரையும் நீலமாகி ஏதோ ஒரு பட்டியல் வந்தது. முதல் வரி 'கன்டினியூ பூட்'. தெரியாததைத் தொட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அதையே அழுத்தினேன். கணினி நன்றாகத்தான் திறந்தது. வைஃபை மட்டும் வரவில்லை.

மறுநாள் தறி வேலையை விட்டுவிட்டு கோவை காந்திபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில், "லினக்ஸா? இதுல அதெல்லாம் ஆவாதுங்க்கா" என்றார் அந்தத் தம்பி. பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு, "கார்டு போச்சுங்க" என்றார். முந்தின நாள் காலை வரை விண்டோஸில் வேலை செய்ததே என்று இரண்டு தடவை சொன்னேன், காதில் வாங்கவில்லை. 650 ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து செருகினால் அதற்கும் டிரைவர் இல்லை. போன் செய்தேன், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான்காம் நாள் என் தம்பி பையன் வந்தான், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வந்ததும் கேட்டது இதைத்தான்: "அத்தை, அந்த நீல ஸ்கிரீன்ல என்ன அமுத்துனீங்க?"

விஷயம் இதுதான். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினி, தனக்குத் தெரிந்த சாவியால் கையெழுத்திட்ட டிரைவரை மட்டுமே உள்ளே விடும். தனியாகப் போடும் டிரைவருக்கு ஒரு புதுச் சாவி உருவாகும், அதைப் பதிவு செய்யத்தான் அந்த நீலத் திரை. ஒரு தடவைதான் வரும். சில நொடிகளுக்குள் ஒரு கீயைத் தொடாவிட்டால் தானாகப் போய்விடும், 'கன்டினியூ பூட்' கொடுத்தாலும் அவ்வளவுதான். அவன் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் எம்ஓகேயூட்டில் (mokutil) கட்டளையால் அந்தச் சாவியை மறுபடி பதியக் கேட்டு, புது பாஸ்வேர்டு வைத்து, ரீஸ்டார்ட் செய்தான். இந்த முறை 'என்ரோல் எம்ஓகே' (சாவியைப் பதிவு செய்), அடுத்து 'கன்டினியூ', அடுத்து 'எஸ்', அடுத்து அந்த பாஸ்வேர்டு. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்படாமல் தட்டுங்கள். திறந்ததும் எங்கள் வீட்டு வைஃபை பெயர் பட்டியலில் நின்றது. கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அதுவரைக்கும் போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டிருந்தாலே போனின் இணையம் கணினிக்கு வந்திருக்கும். இது தெரிந்திருந்தால் நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன். இன்னொன்று, நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்க்கலாம். நான் திரை நன்றாக வருகிறது என்று மட்டும் பார்த்தேன். நீங்கள் வைஃபை, சத்தம், முக்கியமாக பிரிண்டர், மூன்றையும் பாருங்கள். எங்கள் பிரிண்டர் செருகியதும் வந்துவிட்டது, ஆனால் பழைய லேசர் பிரிண்டர்கள் சில லேசில் வராது. விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்கள் விண்டோஸை அழிக்கவே வேண்டாம். எங்கள் ஜிஎஸ்டி ஆடிட்டர் ஆபீஸில் முடிந்துவிடுவதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

வைஃபை வந்த அன்று ராத்திரியே அடுத்த அதிர்ச்சி. பழைய கடிதங்களை, வேர்டு மாதிரியான லிபர் ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கிடந்தன. ஃபைல் எல்லாம் கெட்டுவிட்டது என்று கை நடுங்கிவிட்டது. கெடவில்லை. அவை பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தவை. பாமினி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை அல்ல. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அந்த ஃபான்ட் இருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். அந்த ஃபான்ட்டோ நான் அழித்த விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையோடு போய்விட்டது. இப்படி நேர்ந்தால் அதில் எதையும் மாற்றி சேவ் செய்துவிடாதீர்கள்.

கருமத்தம்பட்டியில் தெரிந்த டிடிபி கடை அண்ணனிடம் அந்த ஃபான்ட்டைக் கேட்டதும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஹோம் கோப்புறையில் கன்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். அங்கே ஃபான்ட்ஸ் என்று, முன்னால் ஒரு புள்ளி வைத்த பெயரில் கோப்புறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவாக்கி, ஃபான்ட் ஃபைலை அதில் போட்டு, லிபர் ஆபீஸை மூடித் திறந்தேன். முதலில் வந்தது, மாமா சொல்லச் சொல்ல நான் அடித்த கூலி பாக்கிக் கடிதம். அவர் இப்போது இல்லை. ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது.

புதிதாக அடிப்பதை எல்லாம் இப்போது யூனிகோடில்தான் அடிக்கிறேன். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடுகிறது.

அடுத்து மாடியில் இருக்கும் பழைய டெஸ்க்டாப். அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையை நேற்றே பென் டிரைவுக்கு எடுத்துவிட்டேன்.