இரண்டு கரிநெருப்புகள்: பேதுரு நடந்த வழியில் ஒரு திருப்பயணம்

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டு முறை வருகிறது. 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில், 21ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரையில், அதாவது கலிலேயா ஏரிக்கரையில். 'அந்த்ராக்கியா' என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் கிடையாது. முதல் நெருப்பருகே பேதுரு, இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார். இரண்டாவது நெருப்பருகே, உயிர்த்தெழுந்த இயேசு "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று அவரிடம் மூன்று முறை கேட்டார். புனித நாட்டுக்குப் போகிறவர்களில், பழைய வாழ்க்கையின் வெட்கத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறவர்களுக்கு இந்த இரண்டு இடங்களே போதும். மற்றவற்றை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வரிசையைச் சரிசெய்ய வேண்டும். பல பயணக் குழுக்கள் கலிலேயாவில் தொடங்கி எருசலேமில் முடிப்பார்கள். இயேசுவின் வாழ்க்கையைப் பின்தொடர அது பொருத்தம். பேதுருவின் வழிக்கு அது தலைகீழ். மாற்ற முடிந்தால் எருசலேமை முன்னால் வையுங்கள். முடியாவிட்டால், கலிலேயாக் கரையில் யோவான் 21ஐ வாசிக்காமல் லூக்கா 5ஐ வாசியுங்கள். "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்று பேதுரு சொன்னதும் அதே ஏரியில்தான். யோவான் 21ஐப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எருசலேமில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது கல்லிகாந்து ஆலயம். லத்தீனில் அந்தப் பெயருக்குச் சேவல் கூவுதல் என்று பொருள். கூரையின் மேல் பொன்னிறச் சேவல் நிற்கும். அசம்ப்ஷனிஸ்ட் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகள் எழுப்பிய இப்போதைய கட்டடம் 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. பிரதான ஆசாரியனாகிய காய்பாவின் வீடு இதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மலையின் மேலே அர்மீனியர்களின் வளாகத்தைச் சுட்டுகிறவர்களும் உண்டு. அதற்காக மனம் தளர வேண்டாம். ஆலயத்தின் பக்கத்தில் கீதரோன் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும் பழைய கற்படித் தெரு வெளியே தெரிகிறது. கடைசி இராப்போஜனத்துக்குப் பின் இயேசுவும் சீஷர்களும் இப்படிகளில் இறங்கியிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். கற்கள் தேய்ந்து சமமற்றுக் கிடப்பதால் வழுக்காத காலணி வேண்டும். முழங்காலும் தோளும் மூடிய உடை இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

பலரும் தவறுவது ஆலயத்தின் அடித்தளத்தில். அங்கே பாறையில் குடைந்த ஆழமான குழி ஒன்று இருக்கிறது. இயேசுவை அன்றிரவு அடைத்துவைத்த இடம் என்பது மரபு. அங்கே 88ஆம் சங்கீதத்தைப் பல மொழிகளில் வைத்திருப்பார்கள். குற்ற உணர்வோடு வருகிறவர்கள் நேராக அந்தக் குழிக்குள் இறங்கி, இது எனக்குரிய இடம் என்று அழுதுகொண்டு நிற்பார்கள். ஆனால் மரபுப்படியே பார்த்தாலும் குழிக்குள் இருந்தவர் பேதுரு அல்ல. அவர் மேலே, நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நம் இடத்தில் வேறொருவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார் என்பதற்குத்தான் அந்தக் குழி சாட்சி. சங்கீதத்தை வாசித்துவிட்டு ஏறிவிடுங்கள். அந்தச் சங்கீதம் துதியில் முடியாது, இருளில்தான் முடியும். அவசரப்பட்டு வேறொரு பாட்டை அதோடு ஒட்ட வேண்டாம்.

உட்கார வேண்டிய இடம் வெளி முற்றம். பேதுரு, வேலைக்காரி, சேவகன், தூணின் உச்சியில் சேவல் என்று ஒரு சிற்பம் அங்கே உண்டு. "அவனை அறியேன்" என்பது லத்தீனில் பொறித்திருக்கும். அதன் முன்னால் லூக்கா 22:54-62ஐ நிதானமாக வாசியுங்கள். இரண்டாவது மறுதலிப்புக்கும் மூன்றாவதற்கும் இடையே "ஏறக்குறைய ஒருமணி நேரம்" என்று லூக்கா குறிப்பது எளிதில் கண்ணில் படாமல் போகும். பேதுருவுக்கு எழுந்துபோக ஒரு மணி நேரம் இருந்தது. போகவில்லை, குளிராக இருந்தது. எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பஸ்கா காலத்து இரவுகளில் அங்கே நெருப்பு தேவைப்படும். நம் வீழ்ச்சிகளும் பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு நொடியில் நடந்ததாகச் சொல்லிக்கொள்வோம், நடுவில் ஒரு மணி நேரம் இருந்திருக்கும்.

வாசித்தபின் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். என்ன செய்தேன். யாருக்குச் செய்தேன். அதனால் எனக்கு என்ன கிடைத்தது. காரணங்களை எழுத வேண்டாம். காரணம் நுழைந்தால் நான்காவது வரியில் வழக்காடத் தொடங்கிவிடுவோம். "நான் மகா பாவி" என்று எழுதி மடித்துவிடுவதும் உதவாது. அது பணிவு போலத் தெரியும், ஆனால் எதையும் ஒப்புக்கொள்ளாது. தாளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகாமல் கையோடு கொண்டுபோங்கள். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு இதே மூன்று வரிகளை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலர் சுமக்கும் வெட்கம் அவர்கள் செய்த காரியத்தால் வந்தது அல்ல, அவர்களுக்கு இழைக்கப்பட்டதால் வந்தது. அவர்களுக்குப் பேதுருவின் வழி பொருந்தாது. மனந்திரும்பு என்று அவர்களிடம் சொல்வது புண்ணில் உப்பு. அவர்களுக்கான பகுதி லூக்கா 8:43-48: பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண். இயேசு அவளிடம் எதற்கும் கணக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே "மகளே" என்று அழைத்தார். கலிலேயா ஏரிக்கரையில், நாம் அடுத்துப் போகும் தாப்காவுக்குத் தெற்கே உள்ள மக்தலாவின் ஆலயத்தில், ஆடையின் ஓரத்தைத் தொடும் அந்த விரலை வரைந்த பெரிய ஓவியம் கீழ்த்தளச் சிற்றாலயத்தில் இருக்கிறது. கால்களின் கூட்டத்துக்கு நடுவே ஒரு கை மட்டும். அவர்கள் அங்கே போகட்டும்.

எருசலேமிலிருந்து கலிலேயாவுக்குச் சாலைவழி இரண்டரை மணி நேரமாவது ஆகும். ஏரி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே கிடக்கிறது. இரண்டு இடங்களையும் ஒரே நாளில் முடிக்காமல் நடுவில் ஒரு இரவு விடுங்கள்.

யோவான் 21இன் கரையாக மரபு சுட்டும் தாப்காவில் அடிக்கடி நடக்கும் குழப்பம், ஆலயத்தை மாற்றிப் பார்த்துவிட்டு வருவது. அப்பமும் மீனும் கொண்ட தரைச் சித்திரம் உள்ள பெரிய ஆலயம் பெனடிக்ட் சபையாருடையது, அது வேறு. நாம் தேடுவது அதற்குச் சற்றுத் தள்ளி, நீரோரத்தில் கறுப்பு எரிமலைக் கல்லால் 1933இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டிய சிறிய ஆலயம். உள்ளே பீடத்தின் முன் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். 'கிறிஸ்துவின் மேசை' என்று அதற்குப் பெயர். உள்ளே இடம் குறைவு. அடுத்த குழு வாசலில் காத்திருக்கும். பாறையைத் தொட்டு ஜெபித்துவிட்டு வெளியே கரைக்கு வந்து உட்காருங்கள். காலையில் போவது நல்லது. வேதத்திலும் நேரம் விடியற்காலம், வெயிலும் ஏறியிருக்காது.

யோவான் 21ஐ இங்கே வாசிக்கும்போது வரிசையைப் பாருங்கள். முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". கேள்வி சாப்பிட்ட பிறகுதான். விசாரணைக்கு முன் வயிறு நிறைய உணவு கொடுத்த நீதிபதி இவர் ஒருவர்தான் என்று தோன்றும். முற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஏன் செய்தாய் என்ற கேள்வியும் இல்லை. "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்பது மட்டும், மூன்று முறை. அழைத்த பெயர்கூடப் பேதுரு அல்ல, பட்டம் எதுவும் ஒட்டாத பழைய பெயர்: யோனாவின் குமாரனாகிய சீமோன். மூன்றாம் முறை அவர் துக்கப்பட்டார் என்று யோவான் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆக, கிருபை வலிக்கவும் செய்யும். வலிக்கிறது என்பதற்காகப் பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் கிடைத்தது ஒரு வேலை: ஆட்டுக்குட்டிகளை மேய், ஆடுகளை மேய். மன்னித்தேன் என்ற சொல்லே அங்கே வரவில்லை. நம்பி ஒப்படைத்ததே மன்னிப்பாயிற்று. தாளின் பின்பக்கம் இப்போது ஒரு வரி எழுதலாம்: ஊர் திரும்பியதும் யாரை, எப்படித் தாங்கப்போகிறேன். மேடையேறிச் சாட்சி சொல்வதை முதல் வேலையாக எழுதாதீர்கள். கைதட்டல் ஆறாத காயத்தை மூடிவிடும். எடுத்த பணம் இருந்தால் திருப்பிக் கொடுப்பதே முதல் வேலை. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். நேரில் போனால் பாதிக்கப்பட்டவருக்குத் துன்பம் கூடுமென்றால், போகாமல் முதலில் போதகரிடமோ குருவிடமோ பேசுங்கள். இனி விழமாட்டேன் என்ற வாக்குறுதியும் வேண்டாம். பேதுருவே பிறகு அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து பின்வாங்கினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் 2 சொல்கிறது. அதன் பின்னும் அவர் மேய்ப்பர்தான்.

பேருந்துக்குத் திரும்பும்போது பக்கத்து இருக்கைக்காரர் தாளில் என்ன எழுதினார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கரையிலேயே பேதுருவுக்கும் தோன்றியது. பின்னால் வந்த சீஷனைத் திரும்பிப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்டார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான் கிடைத்த பதில்.